கம்ப்யூட்டரை டிவியில் மாட்டிய கதை

ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ ஸ்டேஷன் 2015 ஜூனில் திறந்தது. அங்கே இறங்கி 100 அடி ரோட்டில் நின்றால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஜெயா டிவி அலுவலகம் இந்த ஊரில்தான். புதிய தலைமுறையும் இந்த ஊரில்தான். கொஞ்சம் தள்ளி, 1958-ல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை. ஒருகாலத்தில் லேத்தும் வெல்டிங்குமாக இருந்த இடத்தில் இன்று ஒலிம்பியா மாதிரி ஐ.டி. கட்டடங்கள். டிவிக்காரர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் ஒரே கடையில் டீ குடிக்கிற பேட்டை இது.

ஆனா இதே பேட்டையில், நம்ம எல்லார் வீட்டிலும்தான், டிவி ஹாலில் இருந்தது, கம்ப்யூட்டர் உள் ரூமில் இருந்தது. இரண்டையும் ஒரு ஒயரால் இணைப்பது முப்பது வருஷத்துக்கு மேல் லேசில் நடக்காத காரியமாகவே இருந்தது. இன்று எச்.டி.எம்.ஐ. கேபிளைச் சொருகினால் முடிந்தது. அதற்கு முன்னால் ஏன் முடியவில்லை? முடியாததால் யாருக்கு என்ன ஆச்சு? இதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் தோண்டிப் பார்க்கப் போகிறேன்.

முதலில் டிவிதான் திரை

வீட்டுக் கம்ப்யூட்டர் பிறந்தபோது அதற்கென்று தனித் திரை கிடையாது. 1973 செப்டம்பரில் அமெரிக்காவின் 'ரேடியோ எலெக்ட்ரானிக்ஸ்' பத்திரிகை, டான் லான்காஸ்டர் வடிவமைத்த 'டிவி டைப்ரைட்டர்' என்ற கருவியை அட்டையில் போட்டது. கீபோர்டில் தட்டினால் எழுத்து வீட்டு டிவியில் தெரியும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை டிவி என்பது யாரோ எங்கிருந்தோ அனுப்புவதைக் காட்டும் பெட்டி. நாம் எழுதுவதை அது காட்டும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்தக் காலத்து டிவிக்குள் போக ஒரே வாசல்தான்: ஆன்டெனா சாக்கெட். அதனால் கம்ப்யூட்டருக்குள் ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சின்ன டப்பாவை வைத்தார்கள். கம்ப்யூட்டர் உண்டாக்கும் படத்தை ஒரு டிவி சேனலின் அலைவரிசையில் ஏற்றி அனுப்புவது இதன் வேலை. அதாவது உங்கள் மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டர், ஒரே ஒரு வீட்டுக்கு ஒளிபரப்பும் குட்டி தூர்தர்ஷன் நிலையம் ஆகிவிடும். நீங்கள் அந்தச் சேனலைத் திருப்பி வைக்க வேண்டும்.

நிலையம் என்றால் அரசாங்க விதிகளும் கூடவே வந்துவிடும். 1977-ல் வந்த ஆப்பிள் 2 இந்த மாடுலேட்டர் இல்லாமலே விற்பனைக்கு வந்தது. பக்கத்து வீட்டு டிவியைக் கெடுக்கும் என்பதால், அதற்கு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் அனுமதி வாங்குவது பெரும்பாடு. வேறொரு சின்ன நிறுவனம் மாடுலேட்டரைத் தனியாக விற்றது, வாங்கியவர்கள் தாங்களே பொருத்திக்கொண்டார்கள். ஒயர் விஷயம் ஆரம்பத்திலிருந்தே யாரோ ஒருவர் 'அது என் வேலை இல்லை' என்று கைகழுவும் விஷயமாகத்தான் இருந்திருக்கிறது.

மெட்ராஸில் மாட்டியபோது

மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. கலர் ஒளிபரப்பு 1982-ல்தான் வந்தது. சாலிடேர், டயனோரா என்று நம்ம ஊர்ப் பெயர்கள் ஹாலில் மரக்கதவு போட்ட பெட்டிகளாக நின்ற காலம் அது. அதே 1982-ல் இங்கிலாந்தில் சிங்கிளேர் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் வந்தது. டிவியில் மாட்டுவதற்காகவே செய்த மலிவான கம்ப்யூட்டர். புரோகிராமை டேப் ரிக்கார்டர் கேசட்டில் பதிந்து வைக்கலாம். 48 கே. முழுவதையும் கேசட்டிலிருந்து ஏற்ற ஐந்து நிமிஷம் ஆகும்.

லண்டனிலிருந்து வரும் உறவினர் ஒரு ஸ்பெக்ட்ரம் கொண்டுவந்தார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே மாட்டினால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஸ்பெக்ட்ரம் யு.எச்.எஃப். 36-ஆம் சேனலில் படம் அனுப்பும். இங்கிலாந்து டிவிகள் அந்தப் பட்டையில் வேலை செய்பவை. நம்மூர் டிவிகளில் பெரும்பாலானவை தூர்தர்ஷனுக்காக வி.எச்.எஃப். பட்டைக்கு மட்டும் செய்யப்பட்டவை. டக் டக்கென்று திருப்பும் அந்தக் குமிழில் 36-க்கு இடமே கிடையாது.

சால்டரிங் தெரிந்த ஒருவர் டிவியைத் திறந்து நேராக வீடியோ சிக்னலைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். அந்தக் கால டிவிகள் பலவற்றில் உள்ளே இருக்கும் சேசிஸ் நேராக கரண்டோடு தொடர்பில் இருக்கும். தெரியாமல் ஒயரை இழுத்தால் கம்ப்யூட்டர் மட்டும் போகாது, ஆளும் போயிடுவார். பாதுகாப்பான வழி ஒன்றே ஒன்று: வி.சி.ஆர். நம்ம பாஷையில் சொன்னால் டெக். கம்ப்யூட்டரின் சிக்னலை டெக்குக்குக் கொடுத்தால், டெக் அதை டிவிக்குப் புரிகிற சேனலில் மாற்றிக் கொடுத்துவிடும். ஆனால் டெக்கை ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து மூணு படம் பார்த்த காலத்தில், அதை கம்ப்யூட்டருக்கு ஒதுக்குவது யாரால் முடியும்?

1986-ல் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் ஸ்பெக்ட்ரம் பிளஸ் கம்ப்யூட்டரை உரிமம் பெற்று இந்தியாவில் விற்கத் தொடங்கியது. 1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்து ஆரம்பித்தது. பி.பி.சி. மைக்ரோவின் முதுகில் மூன்று வித வீடியோ வாசல்கள் உண்டு: டிவி ஆன்டெனாவுக்கு ஒன்று, காம்போசிட் ஒன்று, நல்ல கலர் மானிட்டருக்கு ஒன்று. எந்தத் திரை கிடைத்தாலும் சமாளித்துக்கொள்ளட்டும் என்று யோசித்துச் செய்தது.

சரி, ஒயர் பிரச்சினை தீர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஹால் பிரச்சினை பாக்கி. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிறு சாயங்காலம் தமிழ்ப் படம். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து தரையில் உட்காரும் நேரத்தில் ஒரு பையன் 'நான் புரோகிராம் எழுதணும், டிவி வேணும்' என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? டிவியில் மாட்டும் கம்ப்யூட்டர் ஹாலில் இருப்பவர்களின் தயவில்தான் வாழ்ந்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை வரும்.

'ண' எழுத எத்தனை புள்ளி வேண்டும்?

டிவியில் எழுத்து ஏன் மசமசவென்று தெரிந்தது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. நம்ம டிவி முறை பால்-பி. ஒரு படத்துக்கு 625 கோடு, செகண்டுக்கு 25 படம். ஒரு கோட்டில் படம் தெரியும் நேரம் சுமார் 52 மைக்ரோ செகண்ட். சிக்னலின் அகலம் 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு ஒரு கறுப்புப் புள்ளியும் ஒரு வெள்ளைப் புள்ளியும் என்று போட்டால், 52 × 5 × 2 = 520. ஒரு கோட்டில் 520 புள்ளிக்கு மேல் பிரித்துக் காட்ட முடியாது.

ஒரு ஆங்கில எழுத்துக்கு 8 புள்ளி அகலம். ஆபீஸ் வேலைக்கு வரிக்கு 80 எழுத்து தேவை, அதற்கு 640 புள்ளி. டிவியில் இடம் பத்தாது. 40 எழுத்து என்றால் 320, தாராளமாக அடங்கும். வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவும் 40 எழுத்தோடு நின்றதற்கும், ஸ்பெக்ட்ரம் 32 எழுத்தோடு திருப்திப்பட்டதற்கும் இதுதான் அடிப்படை. கலர் டிவியில் நிலைமை இன்னும் மோசம். கலர் தகவலும் அதே பட்டைக்குள் நெருக்கியடித்து உட்கார்வதால், எழுத்தின் ஓரத்தில் கலர் கசியும்.

இப்போது தமிழுக்கு வருவோம். 8 புள்ளிக்கு 8 புள்ளி கட்டத்தில் ஆங்கில எழுத்தை எழுதிவிடலாம். 'ட', 'ப' கூட வந்துவிடும். 'ண' எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு புள்ளி, நடுவில் இடைவெளிக்கு ஒரு புள்ளி வேண்டும். அத்தனை சுழியும் எட்டுக்குள் அடங்காது. ஒரு சுழியை விட்டால் அது 'ன' ஆகிவிடும். 'ஞ', 'ணை' எல்லாம் கேட்கவே வேண்டாம். சதுரக் கட்டத் தாளில் பென்சிலால் முயற்சி செய்து பாருங்கள், ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும்.

டிவியைத் திரையாக வைத்த மலிவுக் கம்ப்யூட்டர் ஆங்கிலத்துக்கு ஒருமாதிரி ஓடியது. தமிழுக்கு அது நடைமுறையில் மூடிய கதவு. இந்திய மொழிகளைத் திரையில் காட்ட சி-டாக் கொண்டுவந்த ஜிஸ்ட் கார்டு, பி.சி.க்குள் சொருகுவது, மானிட்டரில் பார்ப்பது. மானிட்டர் வாங்க வசதி இருந்த இடத்தில்தான் தமிழ் முதலில் ஒழுங்காகத் தெரிந்தது.

இரண்டும் பிரிந்த காலம்

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் முதல் கலர் கார்டில் டிவியோடு ஒத்துப்போகும் மஞ்சள் சாக்கெட் மாதிரி ஒன்று இருந்தது. அதன் கோட்டு வேகம் செகண்டுக்கு சுமார் 15,700. நம்ம டிவியின் வேகம் 625 × 25 = 15,625. கிட்டத்தட்ட பங்காளிகள். 1987-ல் வி.ஜி.ஏ. வந்தது. அதன் வேகம் சுமார் 31,500. இரண்டு மடங்கு. எழுத்து பளிச்சென்று ஆனது, கண் கூசுவது குறைந்தது. அதோடு டிவியுடன் இருந்த உறவும் முறிந்தது.

வி.ஜி.ஏ.விலிருந்து டிவிக்கு வெறும் ஒயர் போட்டால் படம் வராததற்குக் காரணம் இதுதான். ஒரு முனையில் நீல நிற 15 பின், மறுமுனையில் மஞ்சள் சிவப்பு வெள்ளை என்று கேபிள்கள் விற்கப்படுகின்றன. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அவை பிரயோஜனமில்லை. டபுள் வேகத்தில் ஓடுகிறவரை ஒயர் பிடித்து நிறுத்தாது. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும். அது படத்தை மெமரியில் பிடித்து வைத்து, டிவியின் வேகத்தில் நிதானமாகத் திருப்பிக் கொடுக்கும். அதற்குத் தனியாகப் பவர் வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'கேபிள் கொடுங்க' என்று கேட்டவரிடம் 'கேபிள் போதாது சார், பாக்ஸ் வேணும்' என்று கடைக்காரர் சொன்னால், அவர் நேர்மையானவர் என்று அர்த்தம்.

பிரிந்த காலத்தில் நம்ம ஆட்கள் சும்மா இருக்கவில்லை. போக்குவரத்தைத் திருப்பி விட்டார்கள். கம்ப்யூட்டர் டிவிக்குப் போக முடியாவிட்டால், டிவி கம்ப்யூட்டருக்கு வரட்டும். டிவி டியூனர் கார்டு வந்தது. மேன்ஷன் அறைகளிலும் ஹாஸ்டல்களிலும் கேபிள் ஒயர் சி.பி.யு.வின் முதுகில் போய் இறங்கியது. இன்னொரு பக்கம் வி.சி.டி. அதன் படம் 352 × 288 புள்ளி, டிவிக்கென்றே அளவெடுத்தது. பிறகு யு.எஸ்.பி. ஓட்டை வைத்த டிவிடி பிளேயர். கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை பென் டிரைவில் போட்டு, எழுந்து நடந்து போய் ஹாலில் சொருகுவது.

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் கம்ப்யூட்டரையும் டிவியையும் உண்மையில் இணைத்த கேபிள் இந்த பென் டிரைவ்தான். கேபிள் என்று யாரும் அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இரண்டு செப்டம்பர் 15

இப்போது இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன்.

2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். தி.மு.க. அரசு இலவச கலர் டிவி வழங்கத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி டிவி. 2011-க்குள் 1.6 கோடிக்கு மேல் கொடுக்கப்பட்டன. 2011 செப்டம்பர் 15, மறுபடியும் அண்ணா பிறந்தநாள். அ.தி.மு.க. அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கத் தொடங்கியது. இரண்டையும் கொள்முதல் செய்தது ஒரே நிறுவனம், எல்காட். இரண்டும் பல லட்சம் வீடுகளில் ஒரே கூரைக்கடியில் வந்து சேர்ந்தன.

இரண்டுக்கும் நடுவில் ஒயர் கிடையாது. லேப்டாப்பின் வீடியோ வாசல்கள் அந்தக் காலத்து வழக்கப்படி வி.ஜி.ஏ., எச்.டி.எம்.ஐ. வகை. டிவியில் ஆன்டெனா சாக்கெட்டும் மஞ்சள் சிவப்பு வெள்ளையும். ஒரே அரசாங்கம் ஐந்து வருஷ இடைவெளியில் கொடுத்த இரண்டு பெட்டிகள் ஒன்றோடொன்று பேசவில்லை. இரண்டு கட்சிகளும் பேசிக்கொள்ளாதது மாதிரி என்று கிண்டல் செய்யலாம். உண்மையான காரணம் சாதாரணமானது. டிவி டெண்டர் எழுதியவர் டிவியை நினைத்து எழுதினார், லேப்டாப் டெண்டர் எழுதியவர் லேப்டாப்பை நினைத்து எழுதினார். ஹாலை நினைத்து யாரும் எழுதவில்லை.

இணைத்திருந்தால் மட்டும் என்ன லாபம்? நியாயமான கேள்வி. லேப்டாப் திரையும் கிட்டத்தட்ட அதே 14 அங்குலம்தான். படம் பெரிதாகாது. அப்போதைய லேப்டாப்களின் வழக்கமான 1366 × 768 படத்தை 576 கோட்டுக்குள் அமுக்கினால் எழுத்து மங்கும். தமிழ் எழுத்து இன்னும் மங்கும், மேலே பார்த்த அதே கணக்கு. போதாக்குறைக்கு அது மின்வெட்டுக் காலம். 2012-ல் வெளிமாவட்டங்களில் நாளில் பாதிக்கு மேல்கூட கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் லேப்டாப் அந்த நேரத்தில் டிவியைவிட எவ்வளவோ மேல்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வீட்டில் டிவி எல்லாருடையது. யார் கையில் ரிமோட் என்பது தினமும் நடக்கும் சண்டை. லேப்டாப் அந்த மாணவிக்குக் கொடுத்தது. பல வீடுகளில் பெண் பிள்ளையின் பெயரில் வந்த முதல் பெரிய பொருள் அதுதான். டிவியோடு மாட்டாமல் இருந்ததால்தான் அது ஹாலுக்குப் போகாமல் அவள் மடியிலேயே இருந்தது. எண்பதுகளில் ஒலியும் ஒளியும் நேரத்தில் தோற்றுப்போன அந்தப் பையனுக்குக் கிடைக்காத வசதி இது. ஒயர் இல்லாதது இந்த ஒரு இடத்தில் நல்லதாகப் போயிற்று.

2020: ஒயர் தேவைப்பட்ட வருஷம்

ஆனால் அதே இடைவெளி வேறொரு நாள் கடித்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலிருந்து. மறுவருஷம் கொரோனா. பள்ளிகள் மூடின. பாடம் இரண்டு வழியில் வீட்டுக்கு வந்தது. ஒன்று, டிவியில் குறிப்பிட்ட நேரத்துக்கு. இன்னொன்று, 2020 ஜூலையிலிருந்து பிளஸ் டூ மாணவர்களின் லேப்டாப்பில் வீடியோவாகப் பதிந்து கொடுத்தார்கள்.

டிவியில் வந்தால் வீட்டில் எல்லாரும் கேட்கலாம், ஆனால் நிறுத்த முடியாது. புரியாத இடத்தைத் திரும்பப் போட முடியாது. கேபிள் போனால் பாடம் போச்சு. லேப்டாப்பில் நிறுத்தலாம், திருப்பலாம். ஆனால் அந்தச் சின்ன ஸ்பீக்கரும், பக்கத்தில் நகர்ந்தால் கறுத்துப்போகும் திரையும் ஒருத்தருக்குத்தான் சரிப்படும். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வழியில்லை. இரண்டின் நன்மையும் ஒருசேரக் கிடைக்க வேண்டுமானால் ஒயர் வேண்டும். தட்டை டிவி வாங்கியிருந்த வீடுகளில் ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளோடு வேலை முடிந்தது. அரசு டிவியே இன்னும் ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் கன்வெர்ட்டர் வேண்டும், இல்லாவிட்டால் பென் டிரைவும் டிவிடி பிளேயரும். அந்தப் பழைய பிளேயர்கள் பலவற்றில் எம்.பி.4 ஃபைல் ஓடாது, மாற்றித்தான் போட வேண்டும். கடைகள் பூட்டியிருந்த மாதங்களில் யார் போய் என்ன வாங்குவது?

ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் பலருக்கு இந்தக் கஷ்டம் குறைவாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். காரணம் சந்தோஷமானது இல்லை. 'தாங்கல்' என்றால் சின்ன ஏரி. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி இந்த ஊர் பேருக்கேற்ற மாதிரி ஆகிப்போனது. தரைத்தளத்து வீடுகளின் சாமான்கள் தெருவுக்கு வந்தன. அதற்குப் பிறகு டிவி வாங்கியவர் பெட்டி டிவி வாங்கியிருக்க வாய்ப்பு குறைவு. கடைகளில் அது கிட்டத்தட்ட மறைந்துவிட்டிருந்தது.

மஞ்சள் சாக்கெட்டை மறக்காதவர்கள்

உலகத்தில் ஒரு குழு மட்டும் இதை யோசித்து வைத்திருந்தது. 2012 பிப்ரவரி 29-ல் இங்கிலாந்தில் ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர், கையளவு கம்ப்யூட்டர். பி.பி.சி. மைக்ரோ மாதிரியே அதற்கும் ஏ, பி என்று மாடல் பெயர் வைத்தார்கள். பெயரோடு பழக்கமும் சேர்ந்து வந்தது. எச்.டி.எம்.ஐ.க்குக் கூடவே ஒரு மஞ்சள் சாக்கெட். பழைய டிவி வைத்திருக்கும் பிள்ளையும் மாட்டிக்கொள்ளட்டும் என்று. நம்ம 14 அங்குல டிவியில் அது நேராகப் போய் உட்காரும். லேப்டாப்புக்குப் பதிலாக அதைக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கரண்ட் கணக்கும் 'ண' கணக்கும் அதற்கு எதிராகவே இருக்கின்றன. ஆனால் வீட்டில் ஏற்கெனவே என்ன திரை இருக்கிறது என்று கேட்டுவிட்டு வடிவமைப்பது எப்படி இருக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இன்றைக்கு இந்தக் கேள்வியே பழசாகிவிட்டது. டிவியே கம்ப்யூட்டர். உள்ளே ஆண்ட்ராய்டு, வைஃபை, ஸ்பெக்ட்ரமைவிடப் பல ஆயிரம் மடங்கு மெமரி. தமிழ் எழுத்து கண்ணாடி மாதிரி தெரிகிறது, 'ண'வின் எல்லா சுழியோடும். ஆனால் ஸ்பெக்ட்ரமை ஆன் செய்தால் அது சும்மா நின்று, நீங்கள் எழுதுவதற்காகக் காத்திருக்கும். இன்றைய டிவி ஆன் ஆனதும் எதைப் பார்க்கலாம் என்று வரிசையாக அடுக்குகிறது. கீபோர்டு மாட்ட ஓட்டை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் மாட்டிப் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று அலமாரியில் தூங்கினால், ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கி ஹால் டிவியில் மாட்டி, பிள்ளைகளிடம் கீபோர்டைக் கொடுத்துப் பாருங்கள். சீரியல் நேரம் தவிர்த்து.